நெப்டியூனுக்குக் குரல்

இன்னும் விளம்பரம்தான் ஓடுகிறது, சத்தமில்லாமல். சலவைத் தூள், முட்டிவலித் தைலம், மறுபடியும் அதே சலவைத் தூள். ஓடட்டும். இன்றைக்கு மட்டும் விளம்பரமாகவே ஓடி ஓடி, மணி பன்னிரண்டு ஆகி, அந்தச் சமையல் நிகழ்ச்சி ஆரம்பித்துவிட்டால் ஆயுசுக்கும் அந்தச் சலவைத் தூளைத்தான் வாங்குவேன். இவர் காலையிலேயே குளித்துவிட்டு, இஸ்திரி போட்ட நீல அரைக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, கழுத்தில் போட்ட ஓட்டையை மறைக்கும் வெள்ளைத் துணியைப் புதிதாக மாற்றிக் கட்டிக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவர் போல நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். ரிமோட் கையில். மடியில் அந்தப் பலகை, சின்னப் பிள்ளைகள் எழுதிப் பழகுவார்களே, பட்டனை அழுத்தினால் எழுதினது மறைந்து போகுமே, அது. இன்றைக்கு நெப்டியூன். கிரகங்களைப் பற்றிய தொடரில் எட்டாவது பகுதி, கடைசிப் பகுதி. ஏழு ஞாயிற்றுக்கிழமைகளாக ஏழு கிரகங்களுக்குத் தமிழ் பேசியது இவர் குரல். அந்தக் குரல் பிறந்த குரல்வளையைப் புற்று என்று சொல்லி அறுத்தெடுத்து இரண்டு மாதம் ஆகிறது. இன்றைக்கும் தன் குரல்தான் வரப்போகிறது என்று உட்கார்ந்திருக்கிறார். வரப்போவது இவர் குரல் இல்லை. எனக்குத் தெரியும், இவருக்குத் தெரியாது. இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும், அப்புறம் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. அவரைக்காயை நறுக்குகிறேன். நறுக்கினதையே மறுபடி நறுக்குகிறேன்.

இவருடைய காதுதான் எனக்குப் பயம். முன்பெல்லாம் விளம்பரம் வந்தால் ஒலியைக் கூட்டுவாரே தவிர அடைக்க மாட்டார். விளம்பரம்தான் இவருக்குக் கச்சேரி. ஒவ்வொரு குரலும் யாருடையது என்று சொல்லுவார், அந்த ஆளுக்கு அன்றைக்குச் சளியா, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்து பேசினானா, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தானா என்று அதையும் சொல்லுவார். "இந்த அம்மாவுக்குப் புதுப் பல்லு கட்டியிருக்காங்க புனி, 'ச' சொல்றப்போ பாரு" என்பார், நான் போங்க உங்களுக்கு வேற வேலை இல்ல என்பேன். இப்படிப்பட்ட காதுக்காரர் முன்னால் இன்னொருத்தனைக் கொண்டுவந்து நிறுத்தி, இதுதான் நீ என்று சொன்னால் நம்புவாரா. சபேசனுக்கு என்ன, போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். சபேசன்தான் இந்தத் தொடரின் தமிழ் ஒலிப்பதிவைப் பார்த்துக்கொண்டவன், சாலிகிராமத்தில் பன்னிரண்டுக்குப் பத்து அறையில் கம்பளி ஒட்டின சுவருக்கு நடுவே உட்கார்ந்து சூரியக் குடும்பத்தையே தமிழாக்கினவன். "அக்கா, ஒண்ணு சொல்லணும், சாருகிட்ட சொல்லிடாதீங்க" என்று ஆரம்பித்தான். ஆபரேஷனுக்கு முந்தின வாரம் பிடிவாதமாகப் போய் இவர் நெப்டியூனைப் பேசிவிட்டு வந்தார் இல்லையா, அது சேனல்காரர்களுக்குச் சரிவரவில்லையாம். வார்த்தை விழுங்குகிறதாம், நடுநடுவே மூச்சு விசில் அடிக்கிறதாம். "வேற ஒருத்தர வெச்சு அதே மாதிரி பண்ணிட்டோம்க்கா. அச்சு அசல் சார்தான். யாராலயும் கண்டுபிடிக்க முடியாது." யாராலயும் என்றால் எந்த யாரால். எதிர்த்த வீட்டுக்காரரால் முடியாது, சரி.

நெப்டியூன் பேசிவிட்டு வந்த அன்றைக்கு இவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். காரில் சாய்ந்துகொண்டு, "போதும் புனி. கடைசியா ஒண்ணு உருப்படியா பண்ணிட்டேன்" என்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு வாங்கினார். அங்கே எல்லோரும் கைதட்டினோம். தட்டாமல் என்ன செய்வோம். அதற்கப்புறம் இவர் எவ்வளவோ பேசினார், ஆஸ்பத்திரிப் படுக்கையில், லிப்ட்டில், ஸ்ட்ரெச்சரில். ஆனால் இவர் கணக்கில் கடைசியாகப் பேசினது நெப்டியூன்தான். என் கணக்கில் அது இல்லை. ஆபரேஷன் அறைக் கதவுக்கு முன்னால் ஸ்ட்ரெச்சரை நிறுத்தினார்கள். நான் குனிந்தேன். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று காதைக் கிட்டே கொண்டுபோனேன். "வீட்ல கேஸை மூடினியா?" என்றார். மூடினேன் என்றேன், கொஞ்சம் எரிச்சலாகவே சொன்னேன். கதவு மூடிக்கொண்டது. அவ்வளவுதான். முப்பத்தோரு வருஷம் என்னோடு பேசின குரல் கேஸ் சிலிண்டரோடு முடிந்துபோனது. இப்போது அதைத்தான் தினமும் கேட்டுப் பார்க்கிறேன். வீட்ல கேஸை மூடினியா. வார்த்தை வருகிறது, குரல் வரவில்லை. குரல் என்று வருவதெல்லாம் வியாழன் பகுதியில் பேசின குரல். பெரிய கம்பீரமாக, பின்னால் இசையோடு, அந்தக் குரல் என்னிடம் கேஸை மூடினியா என்று கேட்கிறது. சிரிப்பு வருகிறது, அப்புறம் வேறு என்னவோ வருகிறது. தொலைக்காட்சியில் பேசினது இத்தனை இருக்கிறது, சிமெண்டு, நல்லெண்ணெய், எட்டு வருஷம் ஒரு வில்லனுக்கு, இந்தக் கிரகங்கள். வீட்டில் பேசினது ஒன்றுகூட எங்கேயும் இல்லை. புனிதவதி என்ற என் பேரைப் புனி என்று சுருக்கி, கடைசி எழுத்தைக் கொஞ்சம் மேலே தூக்கிக் கூப்பிடுவார். இதைப் பதிவு செய்ய யாருக்குத் தோன்றும்.

வந்துவிட்டது. கறுப்புத் திரை, ஒரு ஓரத்தில் நீலப் புள்ளி. இவர் ஒலியைக் கூட்டுகிறார். கத்தியை வைத்துவிட்டேன். தலைப்பு இசை எப்போதும் இவ்வளவு நீளமா. நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதால் இவர் பிடரியும் ஒரு காதும் மட்டும் எனக்குத் தெரிகிறது. காதையே பார்க்கிறேன். "சூரியன் இங்கிருந்து பார்த்தால், கொஞ்சம் பெரிய நட்சத்திரமாகத்தான்..." நிறுத்தம். "...தெரியும்." ஐயோ. அதே நிறுத்தம். இவருடைய நிறுத்தம். இவர் எந்த வாக்கியத்திலும் வினைச்சொல்லுக்கு முன்னால் ஒரு கணம் நிற்பார். தமிழில் கடைசி வார்த்தை வருகிற வரைக்கும் நடந்ததா நடக்கவில்லையா என்றே தெரியாதே, அந்த இடத்தில்தான் இவர் குடியிருந்தார். மழை பெய்வது என்று சொல்லி நிறுத்தினால் கேட்கிறவன் குடையைத் தேடுவான், அப்புறம் இல்லை என்பார். இந்தத் தொடருக்குத் தமிழ் எழுதினவள் நான்தான். எங்கள் தொழிலில் வாக்கியம் அழகாக இருக்கிறதா என்று யாரும் கேட்க மாட்டார்கள், படம் மாறுவதற்குள் முடிகிறதா என்பதுதான் கேள்வி. மூலத்தில் பேசுகிற வெள்ளைக்காரர் மூன்று விநாடியில் சொல்லிவிட்டுப் போவது தமிழில் ஐந்து விநாடி இழுக்கும். வெட்டி வெட்டி நாலரைக்குக் கொண்டுவந்து, அதற்குள் இவர் நிற்பதற்கு அரை விநாடி ஒதுக்கிவைப்பேன். வேறு எழுத்தாளர்கள் யாரும் ஒதுக்க மாட்டார்கள், அதனால் இவர் என் எழுத்துக்குப் பேசினால்தான் நன்றாக இருக்கும் என்று ஊரே சொல்லும், அப்படித்தான் கல்யாணமே ஆனது. அந்த அரை விநாடியில் இப்போது யாரோ ஒருத்தன் நிற்கிறான்.

யாரோ இல்லை, அருள்ராஜ். மதுரைக்காரன், கல்யாண வீடுகளில் நடிகர்கள் குரலில் பேசுகிறவன். நல்ல மனிதன்தான், அது வேறு கஷ்டம். கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். அவனே எனக்குப் போன் பண்ணினான். "மேடம், சனி எபிசோடைப் பத்து நாளா கேட்டுட்டே இருக்கேன். சார் மூச்சு எங்க எடுக்குறாருன்னே தெரியல. கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றான். சொன்னேன். கடைசி வார்த்தைக்கு முன்னால் நிற்பார், ஆனால் அங்கே மூச்சு எடுக்க மாட்டார், எடுத்த மூச்சை வைத்துக்கொண்டு நிற்பார், வாக்கியம் முடிந்த பிறகுதான் எடுப்பார் என்று அடுப்படியில் நின்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொடுத்தேன், இவர் கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். "டைட்டில்ல சார் பேரே இருக்கட்டும் மேடம், எனக்கு வேணாம்" என்றான். அதையும் சரி என்றேன். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றுதான் வாயில் வருகிறது எனக்கு. இப்போது கேட்டால் கரகரப்பு அளவாக இருக்கிறது, உப்புப் பார்த்துப் போட்ட குழம்பு மாதிரி. இவருடைய கரகரப்பு அப்படி இல்லை, அது ஒரு வரியில் இருக்கும், அடுத்த வரியில் கூடிவிடும், திடீரென்று ஒரு இடத்தில் குரலே கிழியும். இவனுடையது நல்ல தொண்டை. நோயை நடித்துக் காட்டிவிட்டு, கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, டீ குடித்துவிட்டு, பழைய குரலில் ஆட்டோக்காரனைக் கூப்பிட்டிருப்பான். இவர் காது அசையவில்லை. காது எப்படி அசையும், என்ன பேசுகிறேன் நான். தோள் அசையவில்லை. கழுத்துத் துணி மட்டும் மேலே கீழே போகிறது, மூச்சு அங்கேதானே இப்போது. வேகமாகப் போகிறதா, எப்போதும் போலவா?

அந்தக் கரகரப்புதான் எங்களைக் கெடுத்தது. நினைக்கக் கூடாது என்றுதான் இருக்கிறேன், ஆனால் நாக்குப் போய்ப் போய்ச் சொத்தைப் பல்லைத் தொடுகிற மாதிரி அங்கேயே போகிறது. புதன் பேசும்போது குரல் நன்றாகத்தான் இருந்தது. வெள்ளி பேசும் வாரம் தொண்டை கட்டிக்கொண்டது. மார்கழிக் குளிர், ஏ.சி. அறை, யார் என்ன நினைப்பார்கள். ஒத்திப்போடலாமா என்று இவர் கேட்டதற்கு சபேசன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "சார், என்ன சார் இது, இத்தனை நாளா இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க" என்றானாம். வெள்ளி என்றால் அமில மழை, கொதிக்கிற பாறை. அதற்கு இந்தக் குரல் அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது. எனக்கும்தான் பிடித்திருந்தது, பிடிக்கவில்லை என்று பொய் சொல்லவா? சேனல்காரர்கள் கேட்டுவிட்டு ஒரே குதி. தொடர் முழுக்க இதே குரல் வேண்டும் என்றார்கள். ஒரு வாரம் ஒரு குரல், மறுவாரம் இன்னொரு குரல் என்றால் பார்க்கிறவன் வேறு ஆள் என்று நினைப்பான், எங்கள் தொழிலில் அது பெரிய குற்றம், ஆரம்பித்த குரலிலேயே முடிக்க வேண்டும். அதனால் நல்ல குரலில் பேசியிருந்த புதனை மறுபடியும் கரகரப்பில் பேசவைத்தார்கள். அப்புறம் இவர் தொண்டையைப் பத்திரப்படுத்த ஆரம்பித்தார். ஊரெல்லாம் தொண்டை சரியாக வேண்டும் என்று கஷாயம் குடிக்கும், இவர் சரியாகிவிடக் கூடாது என்று குடிக்கவில்லை. அதிமதுரமும் மிளகும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்துக் கொண்டுபோனால் டம்ளரைத் தள்ளிவைப்பார். "எடுத்துட்டுப் போ புனி, தொண்டை சரியாயிட்டா செவ்வாய்க்கு யாரு பேசுறது?" நான் சிரித்தேன். இரண்டு பேரும் சேர்ந்துதான் சிரித்தோம். டாக்டரிடம் போகலாம் என்றேன், தொடர் முடியட்டும் என்றார், சரி என்றேன். செவ்வாய் போயிற்று, வியாழன் போயிற்று. ஒவ்வொரு கிரகமாக நோய் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது, நாங்கள் ஆஹா என்ன குரல் என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

இந்த ஏழு ஞாயிறும் ஒளிபரப்பைக் கேட்கும்போது அது வளருகிற சத்தம்தான் எனக்குக் கேட்டது. வியாழனில் கொஞ்சம் இடம் பிடித்திருந்தது. சனியில் வீட்டையே பிடித்துக்கொண்டது. சனி பேசும்போது வேறு கூத்து. சனிக்கிழமை பதிவு வேண்டாம் என்றான் சபேசன், மைக்குக்குப் பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தான். இவர் சும்மா இருப்பாரா, பழத்தை எடுத்துப் பிழிந்து ஜூஸ் போட்டுக் குடித்துவிட்டு, "சனியைப் பத்தி நல்லதாத்தானே சொல்றோம், வளையம் அழகா இருக்குன்னு சொல்றதுக்கு எதுக்குடா கோவிச்சுக்கப் போறாரு" என்றாராம். கோபித்துக்கொண்டார் போலிருக்கிறது. நான் இதெல்லாம் நம்புகிறவள் இல்லை, ஆனாலும் ரிப்போர்ட் வந்த மறுநாள் நவக்கிரக சன்னிதிக்குப் போய் எள் விளக்குப் போட்டேன். ஒன்பது சுற்றுச் சுற்றினேன். சுற்றும்போதுதான் தோன்றியது, இங்கே யுரேனஸ் இல்லை, நெப்டியூன் இல்லை. நெப்டியூன் கோபித்துக்கொண்டால் எங்கே போய் விளக்குப் போடுவது? அதற்கு ஒரு தமிழ்ப் பேர்கூடக் கிடையாது. எழுதும்போது ஏதாவது பேர் வைக்கலாமா என்று இவரிடம் கேட்டேன். "பேரு வெச்சா சொந்தம் கொண்டாட வந்துடும், அப்படியே விடு" என்றார். அப்போது குரல் இருந்தது. இப்போது கேட்டால் பலகையில் எழுதிக்காட்டுவார், எழுதினால் அது வெறும் பதில், அதில் கேலி இருக்கிறதா அலுப்பு இருக்கிறதா என்று நான்தான் யோசித்துக்கொள்ள வேண்டும்.

விளம்பரம். ஒலியை அடைத்துவிட்டார். வீடு சட்டென்று அமைதியாகி, கழுத்து ஓட்டையில் மூச்சுப் போய்வருகிற சத்தம் கேட்கிறது. திரும்பிப் பார்க்கவில்லை. மற்ற ஞாயிறுகளில் இடைவேளையில் திரும்புவார், புருவத்தைத் தூக்கி எப்படி என்பார், நான் நல்லா இருக்கு என்பேன். இன்றைக்குத் திரும்பவில்லை. தெரிந்துவிட்டது. ஆமாம், தெரிந்துவிட்டது. தோளைப் பார், எப்படி இறுகி இருக்கிறது. எழுந்துபோய்ச் சொல்லிவிடலாமா. ஏங்க, கோவிச்சுக்காதீங்க, சேனல்காரங்க மாத்திட்டாங்க, எனக்கு முன்னாடியே தெரியும். முன்னாடியே என்றால் எப்போது என்று எழுதுவார். வெள்ளி ஒளிபரப்பான வாரம் என்பேன். அத்தனை வாரமாவா என்று எழுதுவார். எழுதாமல் பட்டனை அழுத்தி வெறும் பலகையைக் காட்டினால்? போன மாதம் ஒரு நாள் அப்படித்தான் செய்தார். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், கழுத்தில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்றைக் கொண்டுவந்து வைத்துக் காட்டினாள், வண்டு ரீங்கரிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. இவர் பலகையில் ஏதோ எழுதினார், அவளிடம் காட்டாமலே அழித்தார், வெறும் பலகையைக் காட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அந்தக் கருவி பெட்டியோடு பரண்மேல் இருக்கிறது. என்னுடையது இல்லாத குரல் எனக்கு எதற்கு என்று எழுதியிருப்பார், இல்லை, எனக்கு எப்படித் தெரியும். நெப்டியூன் ஒன்றுதான் இவருக்கு மிச்சம். ஆஸ்பத்திரியில் குழாய் வழியாகக் கஞ்சி போன நாட்களில்கூட காலண்டரைக் காட்டி, விரலை மடக்கி, எட்டு என்று காட்டுவார், எட்டாவது வரட்டும் என்று. தான் எதைப் பார்க்கக் காத்திருக்கிறோம் என்று இவருக்குத் தெளிவாகத் தெரியும். அதைத்தான் இவர்கள் எடுத்துவிட்டு வேறு ஒன்றை வைத்தார்கள், நானும் கூட நின்று கைகொடுத்தேன்.

ஒலி திரும்பி வந்துவிட்டது. "இந்தக் கிரகத்துக்கு மனிதன் அனுப்பியது ஒரே ஒரு விண்கலம். அது நின்று..." நிறுத்தம். "...பார்க்கவில்லை. கடந்து..." நிறுத்தம். "...போனது." நான் எழுதினதுதான். எழுதின அன்று இரண்டு வாக்கியமாக ஏன் உடைத்தேன் என்றால் அப்போதே இவருக்கு மூச்சு போதவில்லை. படத்தில் காற்று அடிக்கிறது, வெள்ளை வெள்ளையாக மேகம் கிழிந்து ஓடுகிறது, சூரியக் குடும்பத்திலேயே இதுதான் பெரிய காற்று என்று அருள்ராஜ் சொல்கிறான், நன்றாகத்தான் சொல்கிறான். இவர் இதை எப்படிச் சொன்னார்? ஒலிப்பதிவு அறையில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேனே அன்றைக்கு, என் காதால் கேட்டேனே. காற்று என்ற வார்த்தையில் குரல் போய்விட்டது, வெறும் காற்றாகவே வந்தது, சபேசன் தலையைக் குனிந்துகொண்டான். அது எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஆனால் அதன் மேல் இப்போது இவன் குரல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. வேண்டாம், இதைக் கேட்கக் கூடாது நான், காதைப் பொத்திக்கொள்ள வேண்டும், கேட்டால் இருக்கிற கொஞ்சமும் போய்விடும். பொத்திக்கொண்டால் இவர் திரும்பிப் பார்த்தால் என்ன நினைப்பார். கேஸை மூடினியா. கேஸை மூடினியா. இல்லை, இது அருள்ராஜ் கேட்கிறான். புனி. யார் கூப்பிடுகிறார்கள் இது, இது யார் குரல். பன்னிரண்டு மணிக்கு இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது. நீலப் பந்து சின்னதாகிக்கொண்டே போகிறது. விண்கலம் திரும்பிப் பார்க்காமல் போகிறது. அங்கிருந்து வருகிற செய்தி நம்மை வந்தடைய நான்கு மணி நேரம் ஆகிறது என்று சொல்லி முடித்துவிட்டான், நிறுத்தத்தோடு, மூச்சு விடாமல், கடைசி வார்த்தைக்கு அப்புறம் மெதுவாக மூச்சை எடுத்துக்கொண்டு.

பேர்கள் ஓடுகின்றன. தமிழ் வசனம் என்று என் பேர். தமிழில் குரல் தெய்வசிகாமணி என்று இவர் பேர். இவர் எழுந்துகொள்ளவில்லை. பலகையில் குனிந்து எழுதுகிறார், நிறைய நேரம் எழுதுகிறார். திட்டட்டும். என்ன வேண்டுமானாலும் எழுதட்டும், படித்துவிட்டுக் காலில் விழுந்துவிடுகிறேன். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு என் பக்கம் பார்க்கிறார். கண்ணெல்லாம் தண்ணீர். பலகையைத் தூக்கிக் காட்டுகிறார். "எங்கயும் மூச்சு விடல பாத்தியா. அன்னைக்குச் சொதப்பிட்டேன்னு நெனச்சேன். நல்லாத்தான் வந்திருக்கு." படித்தேன். மறுபடியும் படித்தேன். முகத்தைப் பார்க்கிறேன். எனக்காகச் சொல்கிறாரா, தெரிந்துகொண்டே என்னை விட்டுக்கொடுக்காமல் நடிக்கிறாரா என்று தேடுகிறேன். இவருக்கு நடிக்கக் குரல் வேண்டும். முகத்தால் பொய் சொல்ல இவருக்கு ஒரு நாளும் வந்ததில்லை, ஒரு பரிசுப் பொட்டலத்தைக்கூட என்னிடம் மறைத்ததில்லை. சின்னப் பையன் மாதிரி புருவத்தைத் தூக்கிக்கொண்டு எப்படி என்று கேட்கிறார். கண்டுபிடித்துவிடுவார் கண்டுபிடித்துவிடுவார் என்று இத்தனை வாரம் செத்துக்கொண்டிருந்தேன், கண்டுபிடிக்காமல் போய்விடுவார் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. இவரும் மறந்துவிட்டார். தன் குரலை இவரே மறந்துவிட்டார். இனிமேல் அதைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், எனக்கும் அது சரியாக ஞாபகமில்லை.

"நல்லா இருந்துச்சுங்க" என்கிறேன். "ரொம்ப நல்லா பேசியிருக்கீங்க." பட்டனை அழுத்துகிறார், எழுதுகிறார். "சபேசன்கிட்ட ஒரு காப்பி கேளு. மத்தது எதுவும் வேண்டாம். இது ஒண்ணு போதும், வீட்ல இருக்கட்டும்." கேக்கறேன் என்கிறேன். போனைக் காட்டுகிறார், இப்போதே. சத்தமாகப் போடு என்று ஜாடை காட்டுகிறார். மணி ஒலிக்கும்போதே எடுத்துவிட்டான் சபேசன், காத்துக்கொண்டிருந்திருப்பான். "அக்கா? என்னக்கா, சார் ஏதாவது..." "ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன் சபேசா. சார் பக்கத்துலதான் இருக்கார்." அவனை மேலே பேசவிடாமல் நானே தொடர்கிறேன். "இப்பதான் பார்த்து முடிச்சோம். அன்னைக்குச் சரியா வரலன்னு நெனச்சாராம், நல்லாத்தான் வந்திருக்குன்னு சொல்றார். ஒரு காப்பி வேணுமாம், வீட்ல வெச்சுக்க." போன வாரம் நானே அவனிடம் கெஞ்சியிருக்கிறேன், இவர் உண்மையாகப் பேசின நெப்டியூனை எடுத்துக்கொடு, விசிலடித்தாலும் பரவாயில்லை என்று. "வேலை முடிஞ்சா பழைய டேக்கெல்லாம் அழிச்சிடறது வழக்கம்க்கா, உங்களுக்குத் தெரியாததா, அதுவும் போயிடுச்சு" என்று அழாத குறையாகச் சொன்னான். "சார்," என்கிறான் இப்போது, தொண்டையைச் செருமிக்கொள்கிறான். "நாளைக்கு நானே கொண்டுவந்து தரேன் சார்." இவருக்குச் சந்தோஷம். போனைப் பார்த்துத் தலையாட்டுகிறார், அவன் அங்கிருந்து பார்க்கிறான் என்பது போல. திடீரென்று ஏதோ ஞாபகம் வந்து, அவசரமாகப் பட்டனை அழுத்தி, கிறுக்கலாக எழுதி, என் முகத்துக்கு நேரே நீட்டுகிறார். வேகமாகச் சொல்லு, வைத்துவிடப் போகிறான் என்று கையை உதறுகிறார்.

"சபேசா," என்கிறேன். "தான் பேசினதை அழிச்சிட வேண்டாம்னு சொல்றார்."